காலம் தாண்டும் வெள்ளி

கியா பார்ம் சந்தையில் எல்லாவற்றுக்கும் ஓர் அட்டை குத்தி வைத்திருப்பார்கள். சோளம் இத்தனை வெள்ளி, ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி இத்தனை, கீரை மூன்று கட்டு எடுத்தால் இத்தனை. பிரிஞ்சாங்கைத் தாண்டி, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த ஊரில் வாய் திறக்காமலே விலை தெரிந்துவிடும். அங்கே ஒரு கடையின் பின்னால், காலிப் பெட்டிமேல் நோட்டை வைத்துப் பாடம் எழுதுகிற பிள்ளையின் பட்டப்படிப்புக்கு என்ன விலை என்று கேட்டால் மட்டும் யாரும் ஓர் எண்ணைச் சொல்லமாட்டார்கள். சொல்லத் தெரியாமல் அல்ல. அப்படி ஓர் எண்ணே கிடையாது.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் அது மூன்று இலட்சம் வெள்ளியைச் சாதாரணமாகத் தொடும். அதே மலேசியாவில், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளை அதில் மிகச் சிறிய பங்கைத்தான் கட்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை வரிப்பணம் சுமக்கிறது. பாடமும் பட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை மட்டும் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஒரே தேயிலை, ஒரு கடையில் பொட்டலமாகவும் இன்னொரு கடையில் தங்க முலாம் பூசிய டப்பாவிலும் விற்பதைப் போல.

அந்த மலிவான வாசலின் பூட்டுக்கு ஒரு விசித்திரமான சாவி உண்டு. யூபியூ என்று எல்லாரும் சொல்லும் மத்திய விண்ணப்ப முறையில், பிள்ளையின் தகுதிப் புள்ளி நூறில் 90 தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. மீதி 10 புறப்பாட நடவடிக்கையிலிருந்து: சாரணர் இயக்கம், காற்பந்து, பேச்சுப் போட்டி, கழகச் செயலாளர் பொறுப்பு. ‘சனிக்கிழமையும் பள்ளிக்கூடமா? கடையில் வந்து நில்லு’ என்று நாம் பிடித்து நிறுத்துகிறோமே, அந்தச் சனிக்கிழமைக்குள் சில புள்ளிகள் ஒளிந்திருக்கின்றன. போட்டி கடுமையான துறையில் ஒன்றிரண்டு புள்ளியில் இடம் கைமாறும். கைமாறும் அந்த இடத்தின் மதிப்பு பல்லாயிரம் வெள்ளி. படிப்புச் செலவுக்கான முதல் சேமிப்பு வங்கியில் தொடங்குவதில்லை, பள்ளித் திடலில் தொடங்குகிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். கணக்கு அப்படித்தான் வருகிறது.

பல்கலைக்கழகம் ஒன்றே வழி என்பதும் இல்லை. மலையிலிருந்து சிம்பாங் பூலாய் பாதையில் இறங்கினால் ஈப்போ. அங்கே 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக் அதுதான். அரசாங்கப் பாலிடெக்னிக்குகளில் ஒரு பருவத்துப் படிப்புக் கட்டணம் 200 வெள்ளி. இரண்டு பேர் சுற்றுலா வந்து, தங்கும் விடுதியில் ஓர் இரவைக் கழித்துவிட்டுப் போகும் பணம்.

சரி, வாசல் எதுவானாலும் கொஞ்சம் பணம் வேண்டும். அது எங்கே இருக்கிறது? இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பாவுக்குச் சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் அது. அம்மா சந்தையில் ஒரு கடையில் நிற்கிறார். மூத்தவள் முதலாம் படிவம். ‘எங்களிடம் ஏது சேமிப்பு’ என்பதுதான் அவர்கள் முதலில் சொல்லப்போகும் வார்த்தை. அது உண்மையில்லை.

ஊழியர் சேமநிதி, அதாவது நம் வாயில் இபிஎஃப், 1951-இல் தொடங்கியது. இந்த வகை நிதிகளில் உலகிலேயே பழமையானவற்றுள் ஒன்று. அப்பாவின் சம்பளத்தில் 11 விழுக்காடு, 187 வெள்ளி, அவர் கண்ணில் படாமலே அங்கே போகிறது. முதலாளி தன் பங்குக்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி போடுகிறார். ஆக மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதம் முதல் இந்தப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. நூறில் 75 வெள்ளி ஓய்வுக்காலத்துக்கு. அதைத் தொட முடியாது. 10 வெள்ளியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவிலுள்ள 15 வெள்ளி ‘செஜாத்ரா’ கணக்குக்குப் போகிறது. வீடு, மருத்துவம், பிள்ளையின் மேற்படிப்பு ஆகியவற்றுக்கு அதிலிருந்துதான் எடுக்கலாம்.

408-இல் 15 விழுக்காடு 61 வெள்ளி 20 சென். ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளி. ஒரு தே தாரிக்கின் விலை. இதே சம்பளம், ஆண்டுக்கு 5.5 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டு, பிள்ளை பிறந்த நாளிலிருந்து 18 ஆண்டுக்குக் கணக்குப் போட்டேன். உள்ளே போன பணம் 13,200 வெள்ளி. அங்கே கிடக்கும் பணம் 22,500 வெள்ளிக்கு அருகில். சம்பளமும் ஈவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் யாரும் உழைக்காமல் வந்த அந்த 9,300 வெள்ளி எங்கிருந்து வந்தது?

கூட்டுவட்டியிலிருந்து. வட்டிக்கும் வட்டி கிடைப்பதுதான் கூட்டுவட்டி. இதை வட்டிக்கடைக்காரரிடம் தவறான பக்கத்தில் நின்று கற்றவர்கள் நம்மில் நிறையப் பேர். சரியான பக்கத்தில் நின்றால் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு ஒரு விரல் கணக்கு இருக்கிறது. 72 என்ற எண்ணை விழுக்காட்டால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டு. 4 என்றால் 18, அதாவது பிள்ளை பிறந்து பல்கலைக்கழக வாசலில் நிற்கும்வரை உள்ள காலம். 72-க்கு அப்படி என்ன சிறப்பு? சரியான எண் 70-ஐ ஒட்டி வரும். ஆனால் 72-ஐ 2, 3, 4, 6, 8, 9, 12 எதனாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரர் துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மனக்கணக்கை எளிதாக்கிவிட்டார்.

இப்போது அதே விரல் கணக்கைத் திருப்பிப் பிடியுங்கள். அப்பாவுக்கு 43 வயது. மகளின் கட்டணத்துக்கு இபிஎஃபிலிருந்து 10,000 வெள்ளி எடுக்கிறார். எடுத்தது எவ்வளவு? 10,000 என்பீர்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு கிடைத்திருந்தால் அந்தப் பணம் அவருடைய 55-ஆம் வயதில் 20,000 ஆகியிருக்கும். 5.5 என்றாலும் 19,000. அவர் எடுத்தது அந்த இருபதாயிரத்தை.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்க நான் பாடுபட வேண்டியதில்லை. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலையில் தேயிலை ஒரு சோதனை முயற்சி. நட்ட செடி கொழுந்து தர ஏறத்தாழ மூன்று ஆண்டு பிடிக்கும். பிறகு பல பத்தாண்டுகள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நூறாண்டுகூட, தந்துகொண்டே இருக்கும். கொழுந்தை எத்தனை முறை கிள்ளினாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. கவாத்து வெட்டும்போது கத்தி எந்த உயரத்தில் இறங்குகிறது என்பதுதான் பேச்சு. உயரம் தவறினால் செடி மீண்டுவர ஆண்டுகள் ஆகும். இபிஎஃபிலிருந்து எடுப்பது கொழுந்து கிள்ளுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது கவாத்து.

அப்படியானால் கடனா? ‘கடன்’ என்றதும் நம் வீடுகளில் முகம் சுண்டிவிடும். அதில் நியாயம் உண்டு. ஆனால் கல்விக் கடனின் உள்ளே இருக்கும் பொறியமைப்பைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கலாம்.

முதலில் ஒரு புதிர். வீட்டுக்கும் காருக்கும் வங்கி மகிழ்ச்சியாகக் கடன் தருகிறது. 18 வயதுப் பிள்ளையின் படிப்புக்கு ஏன் தயங்குகிறது? வீட்டுக் கடன் கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விடலாம். படிப்புக் கடன் கட்டாவிட்டால், மூளைக்குள் ஏறிவிட்ட கணக்கியலையோ பொறியியலையோ பிடுங்கி விற்க முடியாது. இந்தச் சிக்கலை 1955-இல் மில்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தெளிவாக எழுதிவைத்தார். ஈடு இல்லாத கடன் என்பதால் சந்தை இதைத் தொட அஞ்சும். அரசாங்கம் நடுவில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் அப்படி வந்து நின்றது பிடிபிடிஎன். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்.

இது வாங்குவது வட்டி அல்ல. ‘உஜ்ரா’ என்ற சேவைக் கட்டணம், ஆண்டுக்கு 1 விழுக்காடு. ஆனால் அந்த ஒன்றுக்குள் ஒரு மடிப்பு இருக்கிறது. இது தட்டைக் கணக்கு. அதாவது, கடன் குறையக் குறையக் கட்டணம் குறையாது. முதல் நாள் வாங்கிய தொகைக்கே கடைசி ஆண்டுவரை ஒரு விழுக்காடு. 20,000 வெள்ளி வாங்கிப் பத்தாண்டில் கட்டினால் ஆண்டுக்கு 200, மொத்தம் 2,000 வெள்ளி கூடுதல். மாதத் தவணை 183 வெள்ளி சொச்சம். வீட்டுக் கடனைப் போல, மீதி நிற்கும் தொகைக்கு மட்டும் வட்டி என்ற முறைக்கு இதை மாற்றினால் விழுக்காடு 1 அல்ல, ஏறத்தாழ 1.9. ஏமாற்றா? இல்லை. இரட்டிப்பானாலும் அது விலைவாசி ஏறும் வேகத்தை ஒட்டித்தான் நிற்கிறது. இன்று வாங்கிய வெள்ளியும், பத்தாண்டு கழித்துக் கட்டும் தேய்ந்த வெள்ளியும் ஒன்றல்லவே. ஆனால் கார்க் கடனிலும் நெடுங்காலம் இதே தட்டைக் கணக்கு இருந்துவந்தது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே இரட்டிப்பானது ஒரு விழுக்காடு அல்ல, மூன்றும் நான்கும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அப்பா எடுத்தால் 12 ஆண்டில் 20,000 வெள்ளி கரைகிறது. மகள் அதே 10,000-ஐக் கடனாக வாங்கினால், வேலைக்குப் போன பிறகு, மாதம் 92 வெள்ளிக்கும் குறைவாகப் பத்தாண்டு கட்டி, 11,000-இல் முடிகிறது. தவணையும் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்கும். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனையே தள்ளுபடி செய்யும் ஏற்பாடும் இருந்துவருகிறது. ‘சேமிப்பை உடை, கடன் மட்டும் வேண்டாம்’ என்ற நம் வீட்டு வேதம் இந்த ஓரிடத்தில் தலைகீழாகிறது.

எண்கள் இத்தோடு பேச்சை நிறுத்திவிடும், வீடு நிறுத்தாது. கடன் ஏறுவது மகளின் தலையில். சேமிப்பு கரைவது அப்பாவின் முதுமையில். முதல் சம்பளம் வாங்கும் முன்பே கடனாளி ஆவதா என்று கேட்கும் தாய்க்கு விரல் கணக்கு பதில் சொல்லாது. என் எண்ணத்தைக் கேட்டால், 55 வயதில் கையில் ஒன்றும் இல்லாத அப்பாவைத் தாங்கப்போவதும் அதே மகள்தான். ஆகவே மாதம் 92 வெள்ளி அவளுக்குமே மலிவு. மறுப்பவர்கள் இருப்பார்கள்; அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு 92 வெள்ளியும் மலைதான்.

அந்தக் கடைசிக் கவலைக்கு ஆஸ்திரேலியா 1989-இல் ஓர் அழகான விடை கண்டது. அங்கே மாணவர் கடனை, ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே, வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வருமானம் விழுந்தால் தவணை தானாக நிற்கும். வருமானம் சார்ந்த கடன் என்று இதற்குப் பெயர். பாதி கடன், பாதி காப்புறுதி. மலேசியாவில் 2018-இன் இறுதியில் சம்பளத்துக்கேற்பப் பிடிக்கும் ஒரு திட்டத்தை அறிவித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, ஒத்திவைத்தார்கள். நல்ல பொறிகூடப் பெயர் கெட்டால் ஓடாது.

பிடிபிடிஎனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் இன்னொரு வியப்பு. அது பெரும்பகுதியை வெளியே திரட்டுகிறது: அரசாங்க உத்தரவாதத்துடன் ‘சுக்கூக்’ என்னும் இஸ்லாமியக் கடன் பத்திரங்களை விற்கிறது. தான் வாங்கும் விலை கூடுதல், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலை குறைவு. இடையிலுள்ள பள்ளத்தை அரசாங்கம் நிரப்புகிறது. இப்படி அரசாங்க உத்தரவாதம் பெற்ற பத்திரங்களை விரும்பி வாங்குவோர் யார்? ஓய்வுக்காலப் பணத்தைப் பத்திரமாக வைக்க இடம் தேடும் பெரிய நிதிகள். இபிஎஃப் அவற்றுள் ஒன்று. ஆக, சுங்கை பாலாஸ் அப்பாவின் சம்பளத்திலிருந்து கழிந்த வெள்ளி கோலாலம்பூருக்குப் போய், பத்திரமாக உருமாறி, யாரோ ஒரு பிள்ளையின் கட்டணமாகி, ஈவாக அவர் கணக்குக்கே திரும்பலாம். மலைமேல் ஆவியாகும் நீர் மழையாக மலைக்கே வருவதைப்போல.

முதலாம் படிவப் பிள்ளையின் பெற்றோருக்குக் கொஞ்சம் கசக்கும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பிடிபிடிஎன் 2004 முதல் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தை நடத்துகிறது. 20 வெள்ளியில் கணக்குத் திறக்கலாம். ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பிறந்ததிலிருந்து மாதம் 50 வெள்ளி போட்ட பிள்ளைக்கு 18 வயதில் ஏறத்தாழ 15,800 வெள்ளி இருக்கும். பதின்மூன்று வயதில் விழித்துக்கொண்டு அதே தொகையை எட்ட மாதம் எவ்வளவு போட வேண்டும்? 238 வெள்ளி. ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. காலம் செய்ய வேண்டிய வேலையை இப்போது கை செய்ய வேண்டும்.

அதற்காகக் கணக்கைத் திறக்காமல் விடவேண்டாம். பிடிபிடிஎன் கடன் கேட்கும்போது எஸ்எஸ்பிஎன் கணக்கு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இந்தத் திட்டத்தின் வரிச்சலுகை, ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை, விளம்பரத்தில் பெரிதாக வரும். வருமான வரியே கட்டாத தோட்டத் தொழிலாளிக்கு அதனால் காலணாப் பயனில்லை; சொந்தமாகக் காய்கறித் தோட்டமும் இரண்டு லாரியும் வைத்திருப்பவருக்கு நல்ல பயன். ஏழைக்கு இருப்பது வேறொன்று: மாத வருமானம் குறைந்த குடும்பம் சேர்த்த தொகைக்கு ஈடாக, பிள்ளை மேற்படிப்பில் சேரும்போது 10,000 வெள்ளி வரை கொடுக்கும் இணைமானியம். வரம்புகள் அவ்வப்போது மாறும். முகப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றிச் சந்தையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சந்தையில் பேசுவது ‘கூட்டு’ பற்றி. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 100 வெள்ளி, மாதம் ஒருவருக்கு 1,200. முதலில் எடுப்பவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. ஒரே தட்டில் இரண்டு பலகாரம்! வங்கிக்கே கட்டடமும் கணினியும் தேவைப்படும் வேலையை ஒரு குயர் நோட்டு செய்கிறது. ஆனால் நோட்டு வைத்திருப்பவர் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்று. அப்படி ஓடியவர்களால்தான் 1971-இல் இதைத் தொழிலாக நடத்தத் தடை வந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல் நாடாளுமன்றம்வரை போனது, தடை செய்யப்படுவதற்காக.

அதே கூட்டு, நம்பிக்கையான கைகளில், இன்னொரு உருவம் எடுத்ததும் உண்டு. வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிய காலம். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது. வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் நிலையில் இருந்தவர்களின் பத்துப் பத்து வெள்ளி தோட்டங்களாயின. அதன் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் போனது. பாட்டனின் பழைய பங்குச் சீட்டு எந்த வீட்டிலாவது தகரப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். ஒருமுறை கிளறிப் பார்ப்பதில் நட்டமில்லை.

இவ்வளவு பொறிகளும் ஒழுங்காக ஓடினாலும் ஓரிடத்தில் எல்லாமே ஒன்றாகத் திணறும்: முதல் வாரம். பதிவுக் கட்டணம் இன்றைக்கே வேண்டும். கடன் ஒப்பந்தம் முடிந்து பணம் வந்துசேரப் பருவம் பாதி ஓடிவிடலாம். இபிஎஃப் விண்ணப்பத்துக்குச் சேர்க்கைக் கடிதம் வேண்டும். நீண்ட காலத்துக்கான பணம் இருக்கிறது. நாளைக்கான பணம் இல்லை. கடன் விண்ணப்பித்தவர்களுக்கு முன்பணம் தரும் ஏற்பாடு இருக்கிறதா என்று சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே கேட்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு முன்பிருந்தே இரண்டாயிரம் வெள்ளியைத் தனியாக ஒதுக்கிவைக்கும் பெற்றோரே இந்த வாரத்தைத் தூக்கத்தோடு கடக்கிறார்கள். கூட்டு எடுப்பதானால், உங்கள் முறை அந்த மாதத்தில் வருமாறு கேட்டு வாங்குங்கள்.

அந்த வாரத்துப் பட்டியலை எழுதும்போது வாளி, பூட்டு, மெத்தை விரிப்பு, மடிக்கணினி, பேருந்துக் கட்டணம் எல்லாம் நினைவுக்கு வரும். கியா பார்ம் வீடுகளில் ஒன்று மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும். இங்கே இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. கீழே இறங்கிய முதல் இரவில், விடுதி அறையின் புழுக்கத்தில், பிள்ளை வியர்வையோடு விழித்துக்கொண்டு வீட்டுக்கு அழைக்கும். மேசை விசிறி என்ற ஒன்றை அதுவரை அந்த வீட்டில் யாரும் விலை கேட்டிருக்கமாட்டார்கள்.